கடலோரத்து விழாக் கமிட்டியாருக்கு நாடக மேடையிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய விழாக் கமிட்டித் தலைவர்களே, பொருளாளர்களே, ஊர்ப் பெரியவர்களே, இளைஞர் மன்றத்துத் தம்பிகளே,

வணக்கம். வடகடல் ஓரம் தொண்டி, தேவிபட்டினம், மண்டபம். தென்கடல் ஓரம் பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர். இந்த இரண்டு கரையிலும் அம்மன் கோயில் பொங்கலுக்கும், முளைப்பாரிக்கும், களரிக்கும், மாதா கோயில் திருவிழாவுக்கும் இன்றைக்கும் காசு செலவழித்து ராத்திரி நாடகம் வைக்கிறீர்கள். ஆடல் பாடல் வைத்தால் கூட்டம் எளிதாகச் சேரும் என்று தெரிந்தும் வள்ளி திருமணம் நாடகத்துக்கு முன்பணம் கொடுக்கிறவர்கள் நீங்கள். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறோம்.

விடிந்ததும் டீக்கடையில் "ராஜபார்ட்டுக்குத் தொண்டை இல்லை, வள்ளிக்குச் சுருதி நிக்கலை" என்று கதாநாயகரையும் கதாநாயகியையும் பற்றிப் பேச்சு வரும். சில நாள் அது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் பல நாள், நாடகம் கெட்டது ராத்திரி இரண்டு மணிக்கு இல்லை. முதல் நாள் பிற்பகல் மூன்று மணிக்குப் பந்தல்காரர் முதல் கம்பை எந்தத் திசையில் ஊன்றினாரோ, அப்போதே கெட்டுவிட்டது. நடிகர் வந்து இறங்குவது இரவு எட்டு மணிக்கு. அதற்குப் பிறகு மேடையைத் திருப்ப முடியாது.

முதலில் காற்று.

உங்களுக்குக் காற்றைப் பற்றி நாங்கள் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. ஆனால் பந்தல்காரர் பெரும்பாலும் உள்நாட்டுக்காரர். அவர் ஊரில் மேடை போடுகிற மாதிரியே கடற்கரையிலும் போட்டுவிட்டுப் போகிறார். வைகாசி பாதியிலிருந்து ஆவணி வரை கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும். ஆனி, ஆடியில் ராத்திரியிலும் விடாது. மேடையின் வாய் தென்மேற்கைப் பார்த்து இருந்தால் மூன்று கெடுதல் வரும். காற்று நேராக மைக்கில் மோதி "புர்ர்" என்று ஓடிக்கொண்டே இருக்கும். பாடுகிறவர் வாய்க்குள் மண் போகும். மூன்றாவதுதான் யாரும் கவனிக்காதது: காற்றை எதிர்த்துப் போகிற சத்தம் மேலே வளைந்து போய்விடும். முன்வரிசைக்குக் காது கிழியும்போது கடைசி வரிசைக்குப் பாட்டு கேட்காது. ஆபரேட்டர் வால்யூமை ஏற்றுவார், மைக் கூவும், உடனே குறைப்பார். அன்று ராத்திரி முழுக்க இதே வேலைதான்.

ஆகவே கச்சான் மாதங்களில் மேடையின் முதுகு தென்மேற்கிலும், சனம் வடகிழக்கிலும் இருக்க வேண்டும். காற்றோடு போகிற சத்தம் கீழே தங்கிப் போகும். பாதி வால்யூமில் கடைசி வரிசை வரை சொல் தெளியும். தென்கடல் ஊர்களில் இது கடலுக்கு முதுகு காட்டுவதாக அமையும், சிரமம் இல்லை. வடகடல் ஊர்களில் சனத்துக்குப் பின்னால் கடல் இருக்கும். அதுவும் நல்லதுதான், தூங்குகிற வீடுகள் பக்கம் சத்தம் குறையும்.

சிக்கல் எங்கே என்றால், சாமியைப் பார்த்துத்தான் மேடை என்பது பல ஊர்களில் கட்டுப்பாடு. கோயில் கிழக்குப் பார்த்தது என்றால் மேடை மேற்கைப் பார்க்கும்; கச்சான் வாயிலேயே வந்து விழும். அந்தக் கட்டுப்பாட்டை மாற்றச் சொல்லவில்லை. சன்னதிக்கு நேரே வைக்காமல் கொஞ்சம் தள்ளி, மேடையை வடக்கே சாய்த்துப் போட்டால் சாமி கண்ணிலும் மேடை படும், காற்றும் பக்கவாட்டில் போகும். அதுவும் முடியாது என்றால், காற்று வரும் பக்கத்தில் மேடையின் ஓரத்திலிருந்து முன்னோக்கி 15 அடி நீளத்துக்கு, ஆள் உயரத்தைவிட இரண்டு அடி கூடுதலாகத் தென்னோலைக் கிடுகுத் தட்டி கட்டிவிடுங்கள். தகரம் வேண்டாம். தகரம் காற்றைத் தடுக்கும், ஆனால் ராத்திரி முழுக்கத் தானும் ஒரு தாளம் போடும். கிடுகு காற்றைக் கொஞ்சம் விட்டு மீதியைப் பிடிக்கும். கூரைக்கும் அதுவே.

பங்குனி, சித்திரையில் கதை வேறு. சாயங்காலம் கடற்காற்று, நடுச்சாமத்துக்கு மேல் அது ஓய்ந்து பனி இறங்கும். அப்போது எதிரி காற்று இல்லை, ஈரம். அதைப் பிறகு சொல்கிறோம்.

மேடை அளவு: அகலம் 22 அடி, ஆழம் 16 அடி, தரையிலிருந்து உயரம் மூன்றரை அடி, மேடைத் தளத்திலிருந்து கூரை 12 அடி. இதற்குக் குறைந்தால் படுதா கட்ட இடம் இருக்காது, டான்ஸ்காரரின் கை டியூப்லைட்டில் படும். மணலில் சவுக்குக் கம்பை இரண்டு அடி ஊன்றினால் நிற்கிற மாதிரிதான் தெரியும். படுதா காற்று வாங்கியதும் பாய் மாதிரி புடைத்து இழுக்கும். நான்கு அடி ஊன்றி, அணைகயிற்றின் நுனியை மண் மூட்டையில் கட்டி, அந்த மூட்டையை இரண்டு அடிக்குக் கீழே புதையுங்கள். நங்கூரம் போடத் தெரிந்த ஊரில் இதை நீங்கள்தான் பந்தல்காரருக்குச் சொல்லித்தர வேண்டும். பின் படுதாவை மேலே மட்டும் கட்டிக் கீழே தொங்கவிடாமல், கீழ் மூங்கிலோடு சேர்த்துக் கட்டி, இரண்டு ஓரத்திலும் ஒரு சாண் இடைவெளி விட்டால் காற்று அந்த வழியாகப் போய்விடும். தர்பார் வரைந்த சீன் படுதா கிழிந்தால் சீன் செட்காரருக்கு அது ஒரு சீசன் வருமானம்.

பலகைத் தளத்தில் ஆணித் தலை நிற்கக் கூடாது. சலங்கை கட்டி ஆடுகிறவர் செருப்புப் போட முடியாது. ஜமக்காளத்தை இழுத்து நான்கு மூலையிலும் ஆணி அடியுங்கள். சும்மா விரித்தால் இரண்டாவது பாட்டிலேயே காலில் சுருட்டிக்கொள்ளும். மேடைக்கு முன்னால் புழுதி அடங்கக் கடல்தண்ணீர் தெளிக்கிற வழக்கம் சில ஊர்களில் உண்டு. உப்புத்தண்ணீர் சீக்கிரம் காயாது என்பது சரிதான். ஆனால் மைக் ஒயரும் லைட் ஒயரும் அந்த வழியாகத்தான் போகின்றன. ஒட்டுப் போட்ட இடத்தில் உப்பு ஏறினால் களிம்பு பிடிக்கும், கரகரக்கும், ஷாக்கும் அடிக்கும். ஒயர் போகாத இடத்தில் மட்டும் தெளியுங்கள்.

ஷாக் என்று சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறோம். வெறுங்காலோடு, வியர்வையோடு, இரும்பு ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு பாடுகிறவர் நடிகர். மேல் மணல் காய்ந்திருக்கும், அதில் ஒரு அடிக் கம்பியைக் குத்தினால் எர்த் ஆகாது. குழாயை ஈரம் தட்டுகிற ஆழம் வரை இறக்க வேண்டும். ஜெனரேட்டருக்கும் அதேதான். கசிவு வந்தால் உடனே விழுகிற 30 மில்லிஆம்பியர் டிரிப்பர் ஒன்று மெயின் போர்டில் இருக்கட்டும். சீரியல் செட்டுக்கு ஆகிற செலவில் இது கொசுறு.

மைக் விஷயத்தில் நாங்கள் கேட்பது அதிகம் இல்லை. முன்னால் மூன்று ஸ்டாண்டு மைக், மூன்றுக்கும் பஞ்சு உறை. ஆர்மோனியத்துக்கு ஒன்று, மிருதங்கத்துக்கு ஒன்று, பல தாளக் கருவிகளை ஒருவரே வாசிக்கிற ஆல்ரவுண்டுக்கு ஒன்று. ஸ்டாண்டின் காலுக்குக் கீழே சாக்கு மடித்துப் போடுங்கள். இல்லாவிட்டால் பலகையில் ஆடுகிற ஆட்டமெல்லாம் மைக்கில் இடியாகக் கேட்கும். ஸ்பீக்கர் பாக்ஸ்கள் மைக்குக்கு முன்னால், பத்து அடி தள்ளி, சனத்தைப் பார்த்து இருக்க வேண்டும். மைக்குக்குப் பின்னால் ஒரு குழாய் ஒலிபெருக்கி இருந்தாலும் கூவும். ஐந்து கட்டை என்கிற உயர்ந்த சுருதியில் ஒரு பெண் எடுத்துப் பாடும்போது குழாய் ஒலிபெருக்கி ஈட்டி மாதிரி குத்தும். ட்ரெபிளைக் குறைத்து வைக்கச் சொல்லுங்கள். தெருத் தெருவாகக் குழாய் கட்டினால் ஒரே சொல் மூன்று தடவை கேட்கும், பாத்திரங்கள் வாதாடுகிற தர்க்கத்தில் சிலேடை எல்லாம் குழம்பிப் போகும். போலீஸ் வந்து நிறுத்துவதற்கு முதல் காரணமும் அந்தத் தெருக் குழாய்கள்தான்.

ஆர்மோனியம் வாசித்துப் பாடுகிற பின்பாட்டுக்காரர் மேடையின் ஒரு ஓரத்தில் இருப்பார். மறு ஓரத்தில் நிற்கிற நடிகருக்கு ஆர்மோனியம் கேட்க வேண்டும். அதற்கு ஒரு சின்ன பாக்ஸை மேடைக்குள்ளே திருப்பி வைக்கச் சொன்னால், "எதுக்குண்ணே, வெளிய நல்லாத்தான் கேக்குது" என்பார் ஆபரேட்டர். வெளியே கேட்பது கொஞ்சம் தாமதித்து வரும். அதைக் கேட்டுப் பாடினால் தாளம் பின்வாங்கும், சுருதி விலகும். "சுருதி நிக்கலை" என்று நீங்கள் சொல்கிற குறையில் பாதி இந்தச் சின்ன பாக்ஸ் இல்லாத குறை.

இனி வாத்தியம். கால் ஆர்மோனியத்தின் உள்ளே இருப்பது பித்தளை நாக்குகள். ஒரு மணல் பொடி நாக்கின் இடுக்கில் உட்கார்ந்தால் அந்தச் சுரம் ஊமையாகும்; கட்டைக்கு அடியிலுள்ள மூடியில் உட்கார்ந்தால் அமுக்காமலே கத்தும். பெட்டியை வேனிலிருந்து இறக்கினால் நேரே மேடைப் பலகைக்குப் போக வேண்டும். மணலில் வைக்காதீர்கள், வெயிலிலும் வைக்காதீர்கள், ஒட்டு விட்டுவிடும். மிருதங்கத்துக்குக் காற்றும் ஆகாது, ஈரமும் ஆகாது. காற்று அடித்தால் இடப்பக்கத் தொப்பியில் அப்பிய ரவை காய்ந்து உதிரும். பனி இறங்கினால் வலப்பக்கத்து வலந்தலைத் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். பத்து மணிக்கு ஐந்து கட்டைக்குச் சேர்த்த மிருதங்கம் இரண்டு மணிக்கு அங்கே நிற்பதில்லை. அந்த நேரம் அவர் கல்லை எடுத்துத் தட்டிக்கொண்டிருந்தால் "என்ன, தூங்கிட்டாரா" என்று விசிலடிக்காமல் இரண்டு நிமிடம் கொடுங்கள். வாத்தியக்காரர் தலைக்கு மேல் கூரை முன்னால் நீண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பனி நேராகத் தோலில்தான் விழும்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. குடம் இன்ன விலை என்று நீங்கள் வாங்கிக் குடிக்கிற ஊர்கள் இவை. ஆனாலும் ஆறு குடம் நல்ல தண்ணீர் வேண்டும், குடிக்க இல்லை, முகத்துக்கு. உப்புத்தண்ணீரில் முகம் கழுவினால் சோப்பு நுரைக்காது. காய்ந்ததும் தோலில் உப்பு தங்கும். அதன் மேல் பான்கேக் போட்டால் ஒரு மணி நேரத்தில் பூத்து வெடிக்கும், உப்பு ஈரத்தை இழுத்து வியர்வை வழியும், மீசைக்குப் போட்ட ஸ்பிரிட் கம் விட்டுப் போகும். கழுவ, நடுவில் வேடம் மாற்றித் துடைக்க, விடிந்து கலைக்க என்று ஆளுக்கு ஒரு குடம். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், நாரதர், பபூன், டான்ஸ் என்று ஐந்து பேர், மீதி ஒன்று பின்பாட்டுக்காரர்களுக்கு. கலைக்கத் தேங்காய் எண்ணெய் அரை லிட்டரும் பழைய வேட்டித் துணியும் போதும்.

ஸ்திரீபார்ட்டுக்கு ஒப்பனை ஒன்றரை மணி நேரம், ராஜபார்ட்டுக்கு ஒரு மணி நேரம். அந்த அறை மேடையை ஒட்டி இருக்க வேண்டும். முருகன் வேடனாக வந்து தர்க்கம் பண்ணிவிட்டு உள்ளே போய், விருத்தனாக வெள்ளைத் தாடி, டோப்பாவோடு திரும்ப வரப் பத்துப் பதினைந்து நிமிடம்தான். கமிட்டி ஆபீஸ் 200 அடி தள்ளி இருந்தால், அந்த இடைவெளியைப் பபூன் ஒருவரே இழுத்து நிரப்ப வேண்டியிருக்கும். அவர் இழுக்கிற இழுப்பில் கதை அறுந்துவிடும்.

பெண் கலைஞர்களுக்குத் தனி அறை வேண்டும். சேலையைக் கட்டி மறைத்த மூலையை அறை என்று சொல்லாதீர்கள். கதவு, உள்தாழ்ப்பாள், மின்விளக்கு, கண்ணாடி, அருகிலேயே கழிப்பறை. ஜன்னல் இருந்தால் அட்டை வைத்து அடையுங்கள், கையில் ஆளுக்கொரு கேமரா வைத்திருக்கிற காலம் இது. கழிப்பறை இல்லை என்று தெரிந்தால் அவர்கள் மதியத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். வறண்ட தொண்டையோடு எட்டு மணி நேரம் பாடுகிறார்கள். தொண்டை ஏன் கட்டியது என்று பிறகு கேட்கிறீர்கள். கோயிலுக்கு அடுத்த வீட்டு அக்காவிடம் ஒரு அறையைக் கேட்டு வாங்குவது கமிட்டிக்கு ஐந்து நிமிட வேலை. நோட்டீஸில் அவர்கள் படமும் ஊரும் போடுங்கள், கைபேசி எண் மட்டும் வேண்டாம்.

தொண்டைதான் இந்தத் தொழிலின் மூலதனம். நாலரை, ஐந்து கட்டையில் பாடுகிற வழக்கம் மைக் இல்லாத காலத்து மிச்சம். கடைசி வரிசை வரை போய்ச் சேர வேறு வழி இல்லாமல் வந்த சுருதி அது. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்வ பால சபாவைத் தொடங்கியபோது, சிறுவர்களைச் சேர்த்து வருடக்கணக்கில் பழக்கித்தான் அந்தச் சுருதிக்குக் கொண்டுவந்தார்கள். அப்படி மேடையில் ஆன தொண்டைகளை வைத்துத்தான் தமிழ் சினிமா பேச ஆரம்பித்தது. 1931-ல் காளிதாஸில் டி.பி. ராஜலட்சுமி, 1934-ல் பவளக்கொடியில் எம்.கே. தியாகராஜ பாகவதர், இருவருமே மேடையிலிருந்து போனவர்கள். பவளக்கொடி அதற்கு முன் மேடையில் அவர் நடித்த நாடகம்தான்.

கே.பி. சுந்தராம்பாளின் கணக்கைப் பாருங்கள். 1908-ல் கொடுமுடியில் பிறந்து, சிறுவயதிலேயே மேடை ஏறி, கொழும்பு வரை போய் நடித்தவர். 1935-ல் நந்தனாராக ஆண் வேடம் கட்டிச் சினிமாவுக்கு வந்தபோது ஒரு லட்சம் ரூபாய் சம்பளம். 1953-ல் அவ்வையார். அறுபது வயதைத் தாண்டியபோது துணைவன் படத்துப் பாட்டுக்குத் தேசிய விருது. மைக் இல்லாத மேடையில் ஆன தொண்டை அத்தனை வருடம் நின்றது. அவர் கணவர் எஸ்.ஜி. கிட்டப்பாவோ 1933-ல் 27 வயதில் போய்விட்டார். ஒரு படத்தில்கூட அவர் இல்லை, இசைத்தட்டுதான் மிச்சம். அந்தக் காலத்தில் நாடகக் கம்பெனிகள் இலங்கைக்குப் போன வழிகளில் ஒன்று உங்கள் கரையில்தான் இருந்தது. 1914-லிருந்து ரயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். 1964 டிசம்பர் புயல் அந்தத் துறையைக் கொண்டுபோகும் வரை அந்த வழி இருந்தது.

இதைச் சொல்லக் காரணம் பெருமைக்கு இல்லை. கம்பெனி நடிகருக்குச் சாப்பாடு, தூக்கம், பாட்டுச் சாதகம் எல்லாவற்றையும் கம்பெனி பார்த்துக்கொண்டது. ஸ்பெஷல் நாடகத்தில் கம்பெனியே கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், மிருதங்கம் வேறு ஊர். தனித்தனியாக முன்பணம் வாங்கி, ஒத்திகை இல்லாமல், மேடையில்தான் முதலில் முகம் பார்த்துக்கொள்கிறோம். பாடமும் வழிவழி வந்த பாட்டும் எல்லோருக்கும் தெரியும் என்பதால் நாடகம் நடக்கிறது. அப்படியென்றால், அந்த ஒரு ராத்திரிக்கு எங்கள் கம்பெனி முதலாளி நீங்கள்தான்.

ஆகவே சாப்பாடு. மீன்குழம்பு வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள், அதிலும் உங்கள் ஊர் மீன்குழம்பை. ஆனால் நாங்கள் வந்து இறங்கியதும் கொடுத்துவிடுங்கள். பத்து மணிக்குக் காரமாகச் சாப்பிட்டுவிட்டுப் பாட நின்றால் புளிப்பு மேலே ஏறித் தொண்டையைச் சுடும், ஒரு மணிக்கெல்லாம் குரல் கம்மும். மேடைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்கில் சுக்குக் காப்பி, சாயல்குடிக் கருப்பட்டி போட்டு. இன்னொன்றில் மிளகுப்பால். நடுச்சாமத்துக்கு ஆளுக்கு இரண்டு இட்லி. ஐஸ் போட்ட சோடா, கலர் கொண்டுவந்து அன்போடு நீட்டுகிற தம்பிகளைத் தயவுசெய்து தடுத்து வையுங்கள். வேறு பாட்டிலோடு மேடைக்குப் பின்னால் வருகிற அண்ணன்களையும். கலைஞர்களில் அதற்குக் கை நீட்டுகிறவர்கள் உண்டு. அவர்களைக் கண்டிக்கிற பொறுப்பு எங்களுடையது.

அடுத்து நேரம். இதில்தான் உங்களுக்கும் எங்களுக்கும் அதிகச் சண்டை.

வழக்கப்படி பத்து மணிக்கு ஆர்மோனியப் பாட்டு, பிறகு பபூன், பிறகு டான்ஸும் பபூனும், பன்னிரண்டுக்குள் நாரதர். நடப்பது என்ன? முன்னால் உட்கார்ந்திருக்கிற இளவட்டம் பபூன், டான்ஸ் காமெடியை விடாது. கமிட்டியிலிருந்து சீட்டு வரும், "இன்னும் ஒரு பாட்டு". ஒவ்வொரு அன்பளிப்புக்கும் பெயர் வாசிக்க வேண்டும். நூறு ரூபாய்க்கு அரை நிமிடம் என்றாலும் அறுபது பேர் கொடுத்தால் அரை மணி நேரம் போச்சு. நாரதர் வரும்போது ஒன்றரை. வேடனும் வள்ளியும் தர்க்கத்துக்கு நிற்கும்போது மூன்றரை. அப்போது யார் இருக்கிறார்கள்? விடிகாலைத் தொழிலுக்குப் போகிறவர்கள் எழுந்து கடலுக்குப் போயிருப்பார்கள். பாட்டுக்குத் தலையாட்டி, சிலேடைக்குச் சரியான இடத்தில் சிரிக்கிற ரசிகர்கள் அவர்கள்தான். தூங்குகிற பிள்ளைகளுக்கும் நாய்களுக்கும் முன்னால் தர்க்கம் நடக்கும்.

தர்க்கத்தைப் பன்னிரண்டரைக்கு முன்னால் கொண்டுவாருங்கள். அன்பளிப்புப் பெயர்களை எழுதி வைத்துக் காட்சி மாறும்போது மொத்தமாக வாசியுங்கள். விசைப்படகு ஊர்களில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விடிகாலைத் தொழில் கிடையாது, விடிய விடிய நாடகம் வைக்க அதுதான் தோதான காலம். கையில் காசு குறைவான காலமும் அதுவே, தெரியும். தேதியை அதற்குள் வைத்துக்கொண்டால் சம்பளம் பேசுவதில் நாங்களும் விட்டுக்கொடுக்கலாம்.

அனுமதி பற்றி. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழா, கலை நிகழ்ச்சிகளுக்கு வருடத்தில் 15 நாளுக்கு மிகாமல் 12 மணி வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. காவல் நிலையத்தில் மனுக் கொடுக்கும்போது "கலை நிகழ்ச்சி" என்று மொட்டையாக எழுதாதீர்கள். அப்படி எழுதினால் ஆடல் பாடல் கணக்கில் போய்விடும். "வள்ளி திருமணம் இசை நாடகம்" என்று எழுதி, நோட்டீஸின் நகலையும் கலைஞர்கள் பட்டியலையும் இணையுங்கள். முதல் நாள் போய் நிற்காமல் மூன்று வாரம் முன்னதாகக் கொடுங்கள். மறுத்தால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போக அவகாசம் இருக்கும்.

பன்னிரண்டு மணிதான் எல்லை என்று சொல்லிவிட்டால், எட்டு மணி நேர நாடகத்தைப் பத்து மணிக்குத் தொடங்கிப் பாதியில் அறுப்பது எல்லாவற்றிலும் மோசம். ஐந்து மணி நேரத்தில் முழுக் கதையும் வரும். ஏழு மணிக்கு ஆர்மோனியப் பாட்டு 20 நிமிடம். பபூன் அரை மணி, டான்ஸ் காமெடி அரை மணி. 8.20-க்கு நாரதர். 8.50-க்கு வள்ளி தினைப்புனம் வந்து ஆலோலம். 9.15-லிருந்து நாரதர் வள்ளி தர்க்கம் 45 நிமிடம். பத்துக்கு வேடன், தர்க்கம் ஒரு மணி நேரம், அதைக் குறைக்கக் கூடாது. பதினொன்றேகாலுக்கு விருத்தன். 11.45-க்குத் திருமணம், மங்களம். இதற்கு நாங்கள் ஐந்து மணிக்கே ஊருக்கு வந்து சேர வேண்டும். நீங்கள் கரகத்தையும் முளைப்பாரி ஊர்வலத்தையும் ஆறரைக்குள் முடிக்க வேண்டும். இரண்டாவதுதான் கஷ்டம் என்று எல்லோருக்கும் தெரியும்.

"சினிமாப் புகழ்" என்று நோட்டீஸில் போட ஆள் கேட்கிறீர்கள். ஒரு படத்தில் இரண்டு காட்சியில் தலைகாட்டியவரை அழைத்து வந்து, பத்து நிமிடம் மைக்கில் பேசவைத்து, ராஜபார்ட்டின் சம்பளத்தைவிட அதிகம் கொடுக்கிறீர்கள். கொடுங்கள், உங்கள் பணம். ஆனால் அதை ஈடுகட்ட மிருதங்கத்தையும் ஆல்ரவுண்டையும் ஒரே ஆளாகச் சுருக்காதீர்கள். சினிமாவில் குரல் தவறினால் இன்னொரு டேக் உண்டு. மேடையில் தவறினால் அது தவறியதுதான், தாங்கிப் பிடிக்கப் பின்னால் இரண்டு கை வேண்டும்.

சம்பளம்: பாக்கியை மங்களம் பாடுவதற்கு முன் கொடுத்துவிடுங்கள். விடிந்தபின் பொருளாளரை வீடு வீடாகத் தேடுகிற நிலை வேண்டாம். மழையால் நாடகம் நின்றால் எவ்வளவு, மேடை ஏறியபின் நின்றால் எவ்வளவு என்று முன்பணம் கொடுக்கிற அன்றே எழுதிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு ஏஜெண்டு வழியாக வரும்போது ஆளுக்கு ஒரு மாதிரி ஆகிவிடுகிறது.

விடிந்ததும் உடனே வேனைக் கிளப்பச் சொல்லாதீர்கள். ராமேசுவரத்திலிருந்து மதுரை 170 கிலோமீட்டர். ராத்திரி முழுக்கச் சனத்தோடு உட்கார்ந்து நாடகம் பார்த்த டிரைவர்தான் ஓட்டப்போகிறார். நான்கு மணி நேரம் படுக்கப் பள்ளிக்கூட வராந்தாவோ, சமுதாயக் கூடமோ, ஒரு ஃபேனோ போதும். மறுநாள் ராத்திரி வேறு ஊரில் எங்களுக்கு மேடை இருக்கும்.

கடைசியாக ஒரு தாள். 2007-லிருந்து நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் இருக்கிறது; நலிந்த கலைஞர்களுக்கு உதவித்தொகை இருக்கிறது; மாவட்ட அளவில் கலை இளமணி தொடங்கிக் கலை முதுமணி வரை விருதுகள் இருக்கின்றன. இத்தனை வருடம் நடித்தேன் என்று காட்ட எங்களிடம் சம்பளச் சீட்டும் இல்லை, வருகைப் பதிவேடும் இல்லை. உங்கள் நோட்டீஸ்தான் உண்டு. அதில் வருடத்தைப் போட மறந்துவிடுகிறீர்கள்; "வைகாசி 12, வெள்ளிக்கிழமை" என்று மட்டும் இருந்தால் அது எந்த வருட வைகாசி என்று அதிகாரி கேட்பார். ஆங்கிலத் தேதியும் வருடமும் போடுங்கள். கலைஞர் பெயரைக் குடும்ப அட்டையில் உள்ளபடி, பட்டப்பெயரை அதற்குப் பக்கத்தில். நாடகம் முடிந்ததும் கமிட்டி முத்திரையோடு "இன்ன தேதியில் எங்கள் ஊரில் இன்ன வேடம் நடித்தார்" என்று இரண்டு வரி எழுதி, தலைவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், இருபது வருடம் கழித்து அது ஒருவருக்குச் சோறு போடும்.

அடுத்த சீசனுக்கு முன்பணம் கொடுக்க வரும்போது மூன்று விவரம் எழுதிக் கொண்டுவாருங்கள்: கோயில் எந்தத் திசை பார்த்தது, மேடை போடும் இடம் கடலிலிருந்து எவ்வளவு தூரம், அன்று உங்கள் ஊரில் தொழிலுக்கு எத்தனை மணிக்குப் போவார்கள். மற்றதை அங்கேயே உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் ஊர் மேடைகளில் வேடம் கட்டும் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், நாரதர், பபூன், டான்ஸ் கலைஞர்களும், பின்பாட்டு, மிருதங்கம், ஆல்ரவுண்ட் கலைஞர்களும்.